ஒரு ஜெர்மன் ஓடையும் எங்கள் வீட்டுச் சுவரும்

இருபத்தாறு வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்துகிறேன். ரைன் நதி எங்கே உற்பத்தியாகி எந்தக் கடலில் கலக்கிறது என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். என் வீட்டு வாசலில் ஒவ்வொரு மழைக்காலமும் முழங்கால் அளவுக்கு நிற்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டிருந்தால், சென்னைப் புறநகரான எங்கள் அஸ்தினாபுரத்தில் எல்லாரும் சொல்கிற பதிலைத்தான் நானும் சொல்லியிருப்பேன்: "டிரெய்னேஜ் சரியில்லை."

போன கோடை விடுமுறையில் ஜெர்மனிக்குப் போனேன். ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. அங்கே வேலை பார்க்கும் என் தங்கை சைக்கிளிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டாள். அவள் வீட்டுக்காரருக்கு வேறு ஊரில் வேலை. ஐந்து வாரம் ரசம் வைத்துக் கொடுக்க ஆள் வேண்டியிருந்தது, போனேன்.

அவள் குடியிருந்த கட்டடத்துக்குப் பின்னால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. முதல் நாள் பார்த்தபோது எங்கேயோ குழாய் உடைந்திருக்கிறது என்றே நினைத்தேன். புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தால் ஒரே எட்டில் தாண்டிவிடலாம். அதற்குக் கைப்பிடி வைத்த ஒரு மரப்பாலம். அதைப் பார்த்தபடி உட்கார ஒரு பெஞ்சு. பெஞ்சுக்குப் பக்கத்தில் பெயர்ப்பலகை.

"இதுக்குப் போய் ஒரு பாலமா?" என்று தங்கையிடம் சிரித்தேன்.

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "சிரிக்காத அக்கா. அது ஒரு ஓடை. அதுக்குப் பேர் இருக்கு, மேப்ல இருக்கு."

கீழ் வீட்டில் ஒரு பெண்மணி இருந்தாள். என் வயதுதான் இருக்கும். பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பில் உட்காருகிற வேலை. அந்த ஊரில் ஓடையைத் துண்டு துண்டாகப் பிரித்து, கேட்கிறவர்களிடம் பார்த்துக்கொள்ளக் கொடுத்துவிடுவார்களாம். பாலத்திலிருந்து வளைவு வரைக்கும் அவளுடைய துண்டு. சனிக்கிழமை தவறாமல் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு இறங்கி, மிதந்து வந்த காகிதத்தையும் பாட்டிலையும் பொறுக்குவாள். தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று குச்சி வைத்துப் பார்த்து நோட்டில் எழுதுவாள். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கச் சிரிப்பாக வந்தது. நான் புவியியல் ஆசிரியை என்று தங்கை சொல்லிவைத்ததும், அவளுக்கு ஏதோ சொந்தக்காரியைக் கண்ட மாதிரி முகம் மலர்ந்துபோயிற்று.

"அடுத்த சனிக்கிழமை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை நடக்கலாம், வருகிறீர்களா?" என்று எனக்குப் புரிகிற ஆங்கிலத்தில் கேட்டாள்.

"எத்தனை நாள் ஆகும்?"

"மூன்று மணி நேரம். நடுவில் காபி குடித்தால் நான்கு."

பஸ்ஸில் மேட்டு ஊர் ஒன்றுக்குப் போய் இறங்கினோம். காடு முடிந்து புல்வெளி தொடங்குகிற இடத்தில், அண்டாவின் வாய் அகலத்துக்கு ஒரு கல்வளையம். அதற்குள் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. சத்தம்கூட இல்லை. கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் உயரம் என்று எழுதிய பலகை பக்கத்தில் நின்றது. எங்கள் ஊரில் தலைவர்கள் பிறந்த வீட்டுக்குத்தான் இவ்வளவு மரியாதை. அவள் குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்தாள். நான் குடிக்கவில்லை.

அங்கிருந்து ஓடை வடக்கே இறங்குகிறது. மாடு மேய்கிற புல்வெளிக்கு நடுவே, மாட்டின் குளம்படியைவிடக் கொஞ்சம் பெரிய தடமாகப் போகிறது. கொஞ்ச தூரத்தில் இடது பக்கமிருந்து அதைவிட ஒல்லியான ஒன்று வந்து சேர்ந்துகொள்கிறது. அதற்கும் தனிப் பெயர், தனிப் பலகை. ஒரு வாளித் தண்ணீர் இன்னொரு வாளித் தண்ணீரோடு சேர்வதை நின்று பார்த்தோம். அப்புறம் கிழக்கே திரும்பி, பழைய மாவு மில் ஒன்றைச் சுற்றிக்கொள்கிறது. மில்லின் சக்கரம் ஓடவில்லை. இப்போது அது காபிக்கடை. அதைத் தாண்டி, ரயில் பாதைக்கு அடியில் கல் வளைவு வழியாக நுழைந்து ஊருக்குள் வருகிறது.

ஊருக்குள் வந்ததும் பாம்பு மாதிரி நெளிந்து நெளிந்து போயிற்று. அவள் பெருமையாகச் சொன்னாள். முந்தைய தலைமுறை அதை நேராக்கி, இரண்டு பக்கமும் கான்கிரீட் போட்டு வைத்திருந்ததாம். வெள்ளம் வந்தது. தப்பு என்று தெரிந்தது. கான்கிரீட்டை உடைத்துப் பழையபடி வளையவிட்டார்களாம். ஒரு வீட்டுத் தோட்டத்தைக் காட்டி, "இவருடைய வேலி ஓடைமேல் இருந்தது. உள்ளே தள்ளிப் போடச் சொன்னார்கள்" என்றாள்.

"ஒத்துக்கொண்டாரா?"

"கோபப்பட்டார். அப்புறம் தள்ளிப் போட்டார்."

"ஏன்? மேலிடத்தில் அவருக்கு ஆள் யாரும் இல்லையா?"

அவளுக்கு என் கேள்வி புரியவில்லை. இரண்டாவது தடவை வேறு மாதிரி கேட்டேன். அப்போதும் புரியவில்லை. "ஓடை அங்கேதானே இருக்கிறது" என்று மட்டும் சொன்னாள்.

சூப்பர் மார்க்கெட் ஒன்றின் கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் அந்த ஓடை ஒரு ஆற்றில் கலந்தது. அவ்வளவுதான். நான் ஏதோ அருவியை எதிர்பார்த்தவள் மாதிரி ஏமாந்துபோய் நின்றேன். அவள் அவித்த முட்டை வைத்த ரொட்டியைப் பிரித்து எனக்குப் பாதி கொடுத்தாள். தின்றுகொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷம் ஆறுகளைப் பற்றி நடத்தியவள், தண்ணீர் பிறக்கிற இடத்திலிருந்து முடிகிற இடம் வரைக்கும் கூடவே நடந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. அதுவும் ஒரு எட்டில் தாண்டக்கூடிய ஓடையோடு. இதை அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. முட்டை நன்றாக இருக்கிறது என்றேன்.

ஜூனில் திரும்பி வந்தேன். எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டம் செயலாளர் வீட்டு மொட்டை மாடியில் நடந்தது. செயலாளர் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர். பெரிய அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், இன்னும் ஓய்வு பெறாதவர் மாதிரியே பேசுவார். நான் ஓடைக் கதையைச் சொன்னேன்.

"பாத்தீங்களா, அதான் ஜெர்மனி" என்றார் அவர். "நம்ம ஜனங்களுக்கு டிசிப்ளின் கிடையாது, டீச்சர். எல்லாம் என்க்ரோச்மென்ட்."

எல்லாரும் தலையாட்டினார்கள். வடை வந்தது. ஏரிக்கரையில் குடிசை போட்டவர்களால்தான் நம் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று ஒருவர் சொன்னார். அந்தக் குடிசைகளைக் காலி செய்து, ஜனங்களைப் பெரும்பாக்கத்தில் அரசாங்கம் கட்டிய அடுக்குமாடிகளுக்கு அனுப்பிப் பல வருஷம் ஆகிறது. தண்ணீர் மட்டும் அவர்களோடு போகவில்லை. இதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை, வாயில் வடை இருந்தது.

ஏரியின் உபரி நீர்க் கால்வாயை அளந்து ஆக்கிரமிப்புகளை அகற்றித் தர வேண்டும் என்று ஒரு மனு எழுதுவதாக முடிவாயிற்று. நான்தான் எழுதினேன். 'தண்ணீரின் உரிமை' என்றெல்லாம் எழுதியிருந்தேன். தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் கையெழுத்துப் போட்டார்கள். முதல் கையெழுத்து செயலாளருடையது, இரண்டாவது என்னுடையது.

மனு கொடுத்த வாரமே ஞாயிற்றுக்கிழமை காலையில் கால்வாயோடு நடந்து பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். செயலாளரும் தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக வந்தார். ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்து வெளியேறுகிற கலங்கலில் தொடங்கினோம். அங்கே ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருந்தார் எங்கள் பகுதியின் பழைய நிலக்காரர். காலனி வருவதற்கு முன் இந்த இடமெல்லாம் அவர்கள் குடும்பத்து நெல் வயல். இப்போது அவருக்கு ஹார்டுவேர் கடை.

"இன்னா டீச்சரு, வாக்கிங்கா?"

விஷயத்தைச் சொன்னேன். "நீங்களா தேடினா கெடைக்காது. வாங்க, நான் காட்றேன்" என்று முன்னால் நடந்தார்.

கலங்கலுக்குக் கீழே இரண்டு ஆள் அகலத்துக்குப் பள்ளம் இருந்தது. தெர்மாகோலும் இளநீர் மட்டையுமாக நிரம்பிக் கிடந்தது. கோயில் மதிலை ஒட்டிப் போய், ஒரு கல்யாண மண்டபத்தின் கார் நிறுத்துமிடத்துக்குக் கீழே மறைந்தது. கறிக்கடைக்குப் பின்னால் மறுபடி வந்தது. அங்கே தரையோடு தரையாகக் கிடந்த ஒரு கருங்கல்லைக் காலால் தட்டி, "தோ, எங்க மதகு" என்றார். அப்புறம் எங்கள் தெருவின் பின்சந்து வழியாக நடந்து வந்து, என் வீட்டுச் சுவருக்கு முன்னால் நின்றார்.

"இங்க இன்னா கீது?"

"என் வீடு."

"அதான் சொல்றேன். உங்க காம்பவுண்டு செவுரு கால்வாய் மேல கீது டீச்சரு. உங்க காரு நிக்கிற எடம் பூரா கால்வாய்தான். அதைத் தாண்டினா சார் வூட்டு மாடிப்படி."

செயலாளர் சிவந்துபோனார். "வித்தது நீங்கதானே?"

"நாங்க பட்டா எடத்தத்தான் வித்தோம் சார். நீங்கதான் ஆளுக்கு அஞ்சடி, ஆறடி தள்ளிக் கட்டிக்கினீங்க. எங்க அப்பா வந்து கேட்டப்போ, தண்ணியே வராத எடம்தானேன்னு சொன்னீங்க."

செயலாளர் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார். அப்போது அவருக்கு அதைவிட முக்கியமான வேலை எதுவும் இருந்திருக்க முடியாது. நான் என் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். போன வருஷம்தான் பிஸ்தா பச்சைப் பெயின்ட் அடித்திருந்தோம்.

யாரும் எதிர்பார்க்காதபடி மனுவுக்கு ஆள் வந்துவிட்டது. சர்வேயர் ஒரு இளம்பெண். வரைபடத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு வெயிலில் நின்று அளந்தாள். எங்கள் கார் நிறுத்துமிடத்தின் நடுவில் ஒரு சிவப்புக் கோடு போட்டாள், செயலாளர் வீட்டு மூன்றாம் படியில் இன்னொன்று. நான் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, சந்தேகம் தீராத முகத்தோடு கேட்டாள்: "மேடம், இது நீங்களே கொடுத்த பெட்டிஷன்தானே?"

அன்று மாலையே அவசரக் கூட்டம். செயலாளர் பேசினார். "பிராக்டிகலா பாக்கணும். அது அந்தக் காலத்து மேப். ஜெர்மனி வேற, நம்ம சிச்சுவேஷன் வேற." மனுவைத் திரும்பப் பெறுகிறோம் என்று தட்டச்சு அடித்த தாள் தயாராக இருந்தது. மனுவில் இருந்த அதே பெயர்கள், அதே வரிசை. இரண்டாவது இடம் மட்டும் காலியாக நின்றது. நான் போடவில்லை. வீரம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த சர்வேயர் பெண் கேட்ட தொனி காதிலேயே இருந்தது, அவ்வளவுதான். என் கையெழுத்து இல்லாமலே மனு அடங்கிப்போயிற்று.

வீட்டில் என் கணவர் ஒரே கேள்விதான் கேட்டார். "நம்ம செவுத்த மட்டும் இடிச்சா தண்ணி போயிடுமா?"

நியாயமான கேள்வி. இரண்டு வாரம் எங்களுக்குள் பேச்சுவார்த்தையே சரியில்லை. கடைசியில் ஒரு கொத்தனாரை வரவழைத்து, சிவப்புக் கோடு வரைக்கும் சுவரை எடுத்து, சிமென்ட் தரையை உடைத்துப் பள்ளம் வெட்டினேன். அன்று முழுவதும் என் கணவர் டி.வி. முன்னால் உட்கார்ந்து, சம்மட்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் வால்யூமைக் கூட்டினார். காரைத் தெருவில் நிறுத்தினோம். தெருவில் கார் நிறுத்துவது விதிமீறல் என்று சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் செயலாளர் அறிவிப்புப் போட்டார்.

நவம்பரில் மூன்று நாள் விடாமல் மழை. ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தது. தண்ணீர் பின்சந்து வழியாக வந்து, நான் வெட்டி வைத்த பள்ளத்தில் ஒழுங்காக இறங்கி, செயலாளர் வீட்டு மாடிப்படிச் சுவரில் முட்டி நின்றது. பிறகு ஏறத் தொடங்கியது. என் கணவர் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு நின்று, அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

மத்தியானம் செயலாளர் மழைக்கோட்டுடன் வந்தார்.

"டீச்சர், உங்க தண்ணி எங்க ஹாலுக்குள்ள வருது."

"என் தண்ணி இல்ல சார். ஏரித் தண்ணி."

"உங்க வழியாத்தானே வருது?"

"உங்க வழியாப் போகணும் சார். அதுதான் போகல."

அவர் என்னை முறைத்துவிட்டுப் போனார். அரை மணி கழித்து ஹார்டுவேர் கடையிலிருந்து கடப்பாரை வந்தது. மாடிப்படிக்கு அடியில் அவரே நின்று இரண்டு ஆட்களை வைத்துச் சுவரை உடைக்கச் சொன்னார். முதலில் ஒரு செங்கல் விழுந்தது, பிறகு நாலைந்து. தண்ணீர் ஒரு நொடி தயங்கின மாதிரி இருந்தது. அப்புறம் இழுத்துக்கொண்டு பின்னால் இருந்த காலி மனைக்குள் பாய்ந்தது. கடப்பாரையோடு கூடவே வந்திருந்த நிலக்காரர், குடை பிடித்து நின்று பார்த்துவிட்டு, "எங்க அப்பா இருந்தா இன்னிக்கு சாராயம் வாங்கி ஊத்தியிருப்பாரு" என்றார்.

இருட்டுவதற்குள் தெருவில் தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கிவிட்டது. என் கணவர் இரண்டு தம்ளர் காபி போட்டுக் கொண்டுவந்து, ஒன்றை என்னிடம் நீட்டினார். அடுத்த கூட்டத்தில் செயலாளர் தன் மாடிப்படித் திறப்பைப் பற்றி விளக்கம் கொடுத்தார். ரொம்ப நாளாகவே மனதில் இருந்த ஐடியாவாம். அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். நானும் கைதட்டினேன். தண்ணீர் போனதே, யார் பேரில் போனால் என்ன என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் அன்று வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போது இரண்டு தம்ளரை நசுக்கிவிட்டேன்.

காலி மனைக்கு அப்பால் ஒரு அடுக்குமாடிக் கட்டடம் இருக்கிறது. தண்ணீர் இப்போது அவர்கள் சுவரில் நிற்கிறது. மேல்தெருக்காரர்கள், அதாவது நாங்கள், வேண்டுமென்றே வெள்ளத்தைத் திருப்பிவிட்டார்கள் என்று அவர்கள் ஒரு மனு எழுதியிருக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை முதலில் சுவரை இடித்தவள் நான்தான் என்று நான்கு பேர் அதை எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார்கள். ஐந்து நிமிஷம் கலங்கலிலிருந்து நடந்து பார்க்கலாம், கால்வாய் எப்படி வருகிறது என்று காட்டுகிறேன் என்றேன். நேரமில்லை, வக்கீலைப் பார்க்கப் போகவேண்டும் என்று காரில் ஏறிக்கொண்டார்கள்.