ஜெர்மன் ஜெனரலுக்கு ஒரு பூசை

புலம்பெயர்ந்து வந்து நாங்கள் குடியிருந்த ஹவுகன்ஸ்டுவா வீட்டில் அன்று சாப்பாட்டு மேசையைச் சுற்றி அப்பா, அம்மா, தங்கச்சி, நான் எல்லோரும் இருந்தோம். மாமா இல்லை. அம்மாவின் ஒரே தம்பியான அவர் வன்னியில் இயக்கத்தில் துவக்கோடு நின்றார். ஊரில் சண்டை ஓய்ந்திருந்த காலம் அது.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போன முதல் ஆள் நான். மறுநாள் வகுப்பில் ஒரு ஜெர்மன் ஜெனரலைப் பற்றிப் பேச வேண்டும். வீட்டாருக்கு முதலில் தமிழில் சொல்லிப் பார்த்தேன்: படையில் பாதி வாழ்க்கை, பிறகு சீருடையைக் கழற்றிவிட்டுத் தேர்தல், பாராளுமன்றம்.

"சண்டை பிடிச்ச ஆளுக்குச் சனம் வோட்டுப் போட்டதோ?" என்றார் அப்பா. "எனக்குக் கோயில் கொமிற்றிக்கே ஒருத்தரும் போடேல்லை."

அம்மா சிரிக்கவில்லை. "வயசு போயோ செத்தவர்?"

"ஓம் அம்மா. வீட்டில, கட்டில்ல."

"அப்ப அந்தாளின்ர ஆத்துமாவுக்கு ஒரு பூசை ஒப்புக்குடுப்பம். மேல இருந்து என்ர தம்பிக்கும் அந்த வழியைக் காட்டட்டும்."

"அவர் கத்தோலிக்கர் இல்லையம்மா" என்றாள் தங்கச்சி.

"அங்கை போனாப் பிறகு அதெல்லாம் ஆர் பாக்கினம்?"

ஞாயிறு தமிழ்ப் பூசையில் சுவாமியார் அந்தப் பெயரைத் தடுமாறித் தடுமாறி வாசித்தார். அம்மா முழந்தாளில் நின்று கண்ணை மூடிக்கொண்டார். வழக்கமாகச் சில்லறை போடும் அப்பா அன்று எடுத்துக் கொடுத்த காணிக்கை இருநூறு குரோனர்.