பீரோவுக்குள் ஒரு சுரங்கம்

பிள்ளையார்பாளையத்தில், 'பழைய பட்டுப்புடவை வாங்கப்படும்' என்ற பலகைக்குக் கீழே நானும் மனைவியும் நிற்கிறோம். நாங்கள் கோலார் தங்கவயல்காரர்கள். ஊரில் சுரங்கத்தை மூடிய பிறகு எங்கள் வீட்டில் தங்கம் இருக்க வாய்ப்புள்ள ஒரே இடம் அவளுடைய முகூர்த்தப் புடவைதான். மடிப்பு மடிப்பாக இற்றுப்போன அதை விற்க வந்திருக்கிறோம். என் அம்மா எடுத்த புடவை, ஆகவே போலி ஜரிகை என்பது மனைவியின் நெடுநாள் தீர்ப்பு.

கடைக்கார அம்மாள் ஒரு இழையை உருவி நகத்தால் சுரண்டுகிறார். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிகிறது.

"அசல் ஜரிகைதாம்மா. வெள்ளி மேல தங்க முலாம்."

நான் மனைவியைப் பார்க்கிறேன். அவள் தெருவைப் பார்க்கிறாள்.

உள்ளே இரும்புச் சட்டியில் யாருடைய புடவைக் கரையோ எரிகிறது. முடி கருகும் நாற்றம். சாம்பலை அலசி உருக்கினால் வெள்ளி வருமாம்.

"எங்க ஊர்ல இதுக்குப் பாதாளத்துக்கே எறங்கணும்" என்கிறேன்.

"இங்க பீரோவைத் தெறந்தா போதும்பா. ஊர்ல கல்யாணம் நடந்துக்கினு இருக்கற வரைக்கும் எங்க சுரங்கம் தீராது." சிரித்துக்கொண்டே புடவையைத் தராசில் வைக்கிறார்.

சட்டியில் ஒரு ஜரிகை அன்னம் சுருண்டு கருகுகிறது. மனைவியின் புடவையிலும் அன்னம்தான். சட்டென்று தராசிலிருந்து அதை அள்ளிப் பைக்குள் திணிக்கிறாள்.

"இன்னாம்மா, வெலையே பேசலியே?"

"இந்தச் சுரங்கத்தையும் மூடியாச்சு" என்கிறாள். பிறகு என்னிடம், "நடங்க."