மேல் வீட்டுக்கு நான் கொடுத்த சர்டிபிகேட்

1. ஐந்தரை மணி

குன்னூரில் வீட்டு புரோக்கர் வேலையில் எனக்கு இருபத்தேழு வருடம் ஆகிறது. எத்தனையோ வாடகை வீடுகளில் அக்கம்பக்கத்துச் சண்டையைத் தீர்த்து வைத்திருக்கிறேன். தீர்த்து வைப்பது என்றால், தொல்லை கொடுக்கும் ஆளைக் கிளப்பி வேறு தெருவில் கொண்டு போய் வைப்பது. அங்கே இருப்பவர்கள் பாடு அவர்களோடது.

அப்படிப்பட்ட என் தலைக்கு மேலேயே, போன ஜூலையில் ஒரு நாள் காலை ஐந்தரை மணிக்கு 'டொக்' என்று விழுந்தது. நாங்களும் வாடகைக்குத்தான் இருக்கிறோம். பழைய பங்களா ஒன்றைப் பிரித்து, கீழே ஒரு குடித்தனம், மேலே ஒரு குடித்தனம். நடுவில் இருப்பது வெறும் பலகைத் தளம். மேலே டம்ளர் விழுந்தால் கீழே நாங்கள் குனிந்து தேடுவோம்.

மூன்றாவது டொக்கில் பேத்தி வீறிட்டாள். பிறந்து பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. தலைப்பிரசவத்துக்கு வந்த என் மகள் கவிதாவையும் குழந்தையையும் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து முந்தின நாள்தான் அழைத்து வந்திருந்தோம்.

"ஏனுங்க, மேல யாரு புதுசா வந்திருக்கறது? மரமா வெட்டறாங்க?" என்றாள் என் மனைவி ருக்மணி.

வெட்டவில்லை, பிளந்தார்கள். சீகை மரத்து விறகு. அந்தச் சத்தம் எனக்கு நன்றாகவே தெரியும். மூன்று வீட்டு ஓனர்கள் போனில் அதை வாயாலேயே செய்து காட்டி என்னைத் திட்டியிருக்கிறார்கள்.

2. தங்கமான மனுஷன்

மேலே இருந்தவர் குணசேகர். ஒண்டிக்கட்டை. தேயிலை பேக்டரியில் ரோலர் மெஷின் இரைச்சலுக்குப் பக்கத்திலேயே இருபது வருடம் நின்றதில் காது மந்தம். மரியாதையான ஆள், வாடகையைத் தேதி தவறாமல் கொடுப்பார். ஆனால் விடிவதற்குள் வெந்நீர் பாய்லருக்கு விறகு பிளந்தாக வேண்டும். மழைக்காலத்தில் அதை வீட்டுக்குள்ளேயே பிளப்பார். ரேடியோவில் செய்தி வைத்தால் அடுத்த தெருவும் சேர்ந்து கேட்கும்.

முதலில் அருவங்காட்டில் வைத்தேன். அங்கே கீழ் வீட்டுக்காரர் ஆறு மாதத்தில் அழுதுவிட்டார். அடுத்து எடப்பள்ளி. அதற்கடுத்து வண்டிச்சோலை. அங்கே பலாப்பழத் தோலையெல்லாம் வீட்டுக்குப் பின்னால் கொட்டினார். மூன்றாம் நாள் கரடி வந்து பக்கத்து வீட்டுச் சமையலறைக் கதவைப் பெயர்த்துவிட்டுப் போனது.

ஒவ்வொரு முறை காலி செய்யச் சொல்லும்போதும் நான் அவரிடம் உண்மைக் காரணத்தைச் சொன்னதில்லை. "ஓனரோட பையன் வெளிநாட்ல இருந்து வர்றாருங்க, ஊடு வேணுமாமா" என்பேன். இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்வது இதுதான். யார் மனமும் புண்படாது, வீடும் காலியாகிவிடும். புது ஓனர் "ஆள் எப்படி?" என்று கேட்டால், "தங்கமான மனுஷனுங்க" என்பேன். அது வாயில் தானாக வரும்.

அன்று கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில், கவிதாவை உள்ளே கொண்டு போயிருந்த நேரத்தில், எங்கள் வீட்டு ஓனர் போஜன் போன் செய்தார். அவருக்குக் குன்னூரில் ஐந்து வீடுகள்.

"குணசேகருன்னு ஒருத்தர் வீடு கேட்டு வந்திருக்காரு. உங்களைத் தெரியுமாமே. ஆள் எப்படி?"

எந்த வீட்டுக்கு என்று நான் கேட்கவே இல்லை. தங்கமான மனுஷன் என்று சொல்லிவிட்டு லேபர் வார்டு கதவைப் பார்க்கத் திரும்பிவிட்டேன்.

ருக்மணியிடம் இதைச் சொன்னேன். அவள் அழுகிற பேத்தியைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் பரவாயில்லை.

3. வாங்க ஆள் இல்லை

நான்கு நாள் இதே கதை. ஐந்தரைக்கு டொக், உடனே குழந்தை அழுகை. ஐந்தாம் நாள் கவிதா கணவனுக்குப் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை கார் எடுத்துக்கொண்டு வரச் சொன்னாள்.

"நான் திருப்பூருக்கே போயிக்கறேன்ப்பா. மூணு மாசம் இங்க இருக்கலாம்னுதான் வந்தேன். பாப்பா ஒரு மணி நேரம் சேர்ந்தாப்ல தூங்கல."

ஊருக்கெல்லாம் வீடு பிடித்துக் கொடுத்தவன் வீட்டில் சொந்த மகளால் மூன்று மாதம் இருக்க முடியவில்லை. ஆனால் புத்தி போனது பழைய வழிக்கே. எல்லநள்ளியில் சரோஜா அக்காவின் வீடு காலியாக இருந்தது. போன் போட்டேன்.

"நம்ம ஆளு ஒருத்தர் இருக்காருங்க்கா. தேயிலை பேக்டரி, பேரு குணசேகர். தங்கமான மனுஷன்."

"ஏனுங்க, வண்டிச்சோலையில கரடி வந்த ஊடு எங்க சித்தியோடதுங்க. அந்தத் தங்கமா இது?"

போனை அவரே வைத்துவிட்டார். அதற்கு மேல் கூப்பிட எனக்கு யாரும் மிச்சமில்லை.

4. மாடிப்படி

சனிக்கிழமை சாயங்காலம் மேலே ஏறிப் போனேன். குணசேகர் கதவைத் திறந்து முகம் மலர்ந்தார்.

"வாங்ணா, வாங்க! நீங்க கீழ இருக்கீங்கன்னு தெரிஞ்சுதான் இந்த ஊட்டப் புடிச்சேன். தெரிஞ்ச மனுஷன் பக்கத்துல இருந்தா நல்லதுதானுங்களே."

பையன், வெளிநாடு எல்லாம் நுனிநாக்கு வரைக்கும் வந்தது. போஜனுக்கு மகனே கிடையாது என்பதால் அதுவும் பலிக்கவில்லை. காது கேட்கும்படி சத்தமாகவே சொன்னேன்.

"நீங்க காலைல வெறகு பொளக்கறது கீழ இடி மாதிரி விழுதுங்க. பச்சக் கொழந்த தூங்க மாட்டேங்குது."

அவர் குனிந்து பலகைத் தளத்தைப் பார்த்தார்.

"இங்க மட்டுந்தானுங்களா?"

"எல்லா ஊட்லயும். அதனாலதான் காலி பண்ணச் சொன்னாங்க. பலாத்தோலாலதான் கரடி வந்துச்சு."

அவர் விறகுக் கட்டையின் மேலேயே உட்கார்ந்தார். "மூணு ஓனரோட பசங்களும் வர்றாங்கன்னு சொன்னீங்களேண்ணா" என்றார். "ஒவ்வொரு தடவை மூட்டை கட்டறப்பவும் நெனச்சுக்குவேன், எனக்குன்னு பாத்து எல்லாப் பசங்களும் ஊருக்குத் திரும்பி வர்றாங்களேன்னு. ஒரு வார்த்த சொல்லியிருந்தா வெறகக் கீழ ஷெட்ல வெச்சுப் பொளந்திருப்பனேங்க."

அந்த அறையில் எனக்கு வந்த வெட்கம் இருபத்தேழு வருடத்தில் வந்ததில்லை. ஆறு வருடமாக ஊரெல்லாம் அவரைத் தொல்லை என்றது. அவரிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதற்குத்தான் எனக்கு கமிஷன்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்தரைக்கு நானும் ருக்மணியும் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தோம். ஒன்றும் விழவில்லை. எட்டு மணிக்கு ஷெட்டிலிருந்து மெதுவாக டொக் கேட்டது. மருமகன் கார் கொண்டு வந்தார், சாப்பிட்டார், தனியாகத் திரும்பிப் போனார். உள்ளே தாயும் மகளும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

போன மாதம் சரோஜா அக்காவே கூப்பிட்டார். வீடு இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம்.

"அந்தாள வேணும்னா வரச் சொல்லுங்க. ஆனா உண்மையச் சொல்லுங்க, ஆள் எப்படி?"

"காது மந்தமுங்க்கா. காலைல வெறகு பொளப்பாரு. ரேடியோ சத்தமா வெப்பாரு. எதுன்னாலும் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாப் போதும், மாத்திக்குவாரு" என்றேன். "ஆனா அனுப்ப மாட்டேனுங்க. அவரு எங்க மேல் ஊட்லயே இருக்கட்டும்."