பதினான்கு பொன்னாடைகளும் பதினோரு மணி பஸ்ஸும்

சென்ற வாரம் ஒரு மனிதரைப் பொன்னாடைகளுக்குள் தேட வேண்டியிருந்தது.

முசிறிப் பக்கம் ஒரு கிராமம். பெயர் வேண்டாம் — அந்த ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் அடுத்த தேர்தலிலும் நிற்க வேண்டும். இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கும் வாழைத்தார் வியாபாரி துரைராஜ் போன் செய்திருந்தார். "எங்க ஊருக்கு டவுன் பஸ் விடுறாங்க. மொத பஸ்ஸு. நீங்க வந்து பாத்து எழுதணுங்க."

இந்த வயதில், இந்த வெயிலில், மாத்திரை டப்பாவோடு ஸ்ரீரங்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, கடைசியில் துரைராஜின் பைக்கில் தொற்றிக்கொண்டு... எதற்கு? ஒரு பஸ்ஸைப் பார்ப்பதற்கு. போனேன்.

ஊர் எல்லையில் ஒரு ஃப்ளெக்ஸ். முகங்களை எண்ணிப் பார்த்தேன். இருபத்தாறு. நடுவில் ஆளுயரத்துக்குக் கும்பிட்டபடி முருகேசன். தலைவர் தனலட்சுமி எங்கே? வலது கீழ் மூலையில், ஸ்டாம்ப் சைஸில், ஃப்ளெக்ஸ் அடித்த கடையின் செல் நம்பருக்குப் பக்கத்தில் இருந்தார். நம்பர் அவரைவிடப் பெரிது.

முருகேசன் யார்? தனலட்சுமியின் கணவர். அவர் தேர்தலில் நிற்கவில்லை. ஒரு ஓட்டும் வாங்கவில்லை. பதவிப் பிரமாணம் எடுக்கவில்லை. ஆகவே ஊரே அவரைத் தலைவர் என்று அழைக்கிறது. ஜெயித்த அம்மாளுக்குப் பெயர் "தலைவர் வீட்டம்மா".

விழா தொடங்கியது. "அடுத்ததாக நமது தலைவர் திருமதி தனலட்சுமி அவர்களுக்குப் பொன்னாடை" என்று மைக் சொல்லும். ஒருவர் பொன்னாடையை விரித்தபடி வருவார். தனலட்சுமிக்கு ஒரு கை தூரத்தில் பிரேக் போட்டதுபோல் நிற்பார். அப்படியே திரும்பிப் பக்கத்து நாற்காலி முருகேசனுக்குப் போர்த்திவிட்டு, போட்டோவுக்குச் சிரிப்பார். இப்படிப் பதினான்கு முறை. முருகேசனின் மூக்குக் கண்ணாடி மட்டும்தான் வெளியே தெரிந்தது.

"ஏன் துரைராஜ், அந்தம்மாவுக்குப் போட்டால் என்ன?"

"பொம்பளைக்கு ஆம்பள எப்படிங்க போத்துறது? மரியாதையா இருக்காதே."

"சரி, கையில் கொடுக்கலாமே?"

"கையில குடுத்தா போட்டோல போத்துன மாதிரி தெரியாதுங்களே."

எனக்கு இது தோன்றவே இல்லை. என்ன படித்து என்ன?

பந்தலின் ஓரத்தில் ஏழு பெண் பிள்ளைகள் அம்மாக்களோடு நின்றிருந்தார்கள். அந்த ஊர் ஸ்கூலில் பத்தாவது வரைதான். பிளஸ் ஒன் படிக்க டவுனுக்குப் போக வேண்டும். பையன்கள் ஒரே பைக்கில் மூன்று பேராகப் போய்விடுவார்கள். பெண்கள்? பஸ் இல்லாவிட்டால் வீட்டில் இருக்க வேண்டியதுதான். அந்த ஏழு பேருக்கும் அட்மிஷன் போட்டாயிற்று. திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. காலை பஸ் கொண்டுவருவேன் என்று சொல்லித்தான் தனலட்சுமி ஓட்டுக் கேட்டிருந்தார்.

பதினோரு மணிக்கு பஸ் வந்தது. மாலை, சந்தனம், தேங்காய். முருகேசன் கொடி அசைத்தார். எல்லாம் முடிந்து தனலட்சுமி டிரைவரிடம் போனார்.

"திங்கட்கிழமையிலேர்ந்து எத்தனை மணிக்குங்க வருவீங்க?"

"தெனமும் இதே டைம்தாம்மா. பதினொண்ணு."

விழாவுக்காக இன்று ஒரு நாள் மட்டும் பதினொன்று என்று அவர் நினைத்திருந்தார். முகம் மாறிவிட்டது. "காலையில ஏழே முக்காலுக்குல்ல கேட்டிருந்தோம்?"

"டெப்போவுலேர்ந்து தலைவருக்கு போன் பண்ணி கேட்டுட்டுத்தானே டைம் போட்டாங்க."

தனலட்சுமி திரும்பிக் கணவரைப் பார்த்தார். பொன்னாடைக் குவியலுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஆமா தனம்... கேட்டாங்க. காலையில பஸ்ஸுக்கு யாரு இருக்கா, எல்லாரும் பைக்ல போயிடுறாங்க, பதினொண்ணுக்கு விட்டா சாவகாசமா இருக்கும்னு சொன்னேன்."

"எல்லாரும்னா யாருங்க?"

முருகேசன் யோசித்தார். அவருக்குத் தெரிந்த எல்லோரும் பைக் வைத்திருக்கிறார்கள். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் ஊர் என்றால் அவ்வளவுதான்.

பிள்ளைகளில் ஒருத்தியின் அம்மா சொன்னார்: "அப்ப எம்புள்ள வாழத்தோட்டத்துக்குப் போக வேண்டியதுதான். அதுக்கு பஸ் வேணாம், நடந்தே போயிடலாம்."

தனலட்சுமி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பஸ்ஸில் ஏறினார். முன்சீட்டில் உட்கார்ந்தார். "ஏறுங்கக்கா. டெப்போவுக்குப் போய்க் கேட்டுட்டு வந்துடுவோம்."

ஏறினார்கள். பத்தொன்பது பெண்கள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது அல்லவா? கண்டக்டர் இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே வந்தார். கடைசியாக முருகேசன் ஏறினார். "உங்களுக்கு டிக்கெட் உண்டு தலைவரே" என்றார் கண்டக்டர். எனக்கும் உண்டாம். எடுத்தேன்.

"அண்ணே, அந்தப் போர்வையில ஒண்ணு குடுங்க. ஜன்னல்ல வெயில் அடிக்குது" என்று பின்னாலிருந்து ஒரு குரல். டவுன் வருவதற்குள் முருகேசனின் தோள் காலியாகிவிட்டது.

டெப்போவில் கிளை மேலாளர் எழுந்தே நின்றுவிட்டார். "வாங்க தலைவரே, வாங்க. உக்காருங்க." எதிரில் ஒரே நாற்காலி. சொன்னது முருகேசனைப் பார்த்து. கூடவே தனலட்சுமியிடம், "அம்மா அப்படி ஃபேன்கிட்ட நில்லுங்க, காத்து வரும்."

எவ்வளவு அக்கறை பாருங்கள்.

"அவரு டிக்கெட் எடுத்து வந்த பயணிங்க. தலைவர் நான்" என்றார் தனலட்சுமி. உட்கார்ந்தார்.

"கோவப்படாதீங்கம்மா."

"கோவப்படலைங்க. பஸ் டைம் கேக்குறேன்."

இதே வார்த்தையை இதே குரலில் ஓர் ஆண் சொல்லியிருந்தால் அது கம்பீரம். நாற்பது வருடம் அரசாங்க ஆபீஸில் இருந்தவன் நான். மேஜையைத் தட்டிய ஆண்களை எல்லாம் "தைரியமான ஆளுப்பா" என்றார்கள். குரலை உயர்த்தாத பெண்களிடம் போய்த் "தண்ணி குடிங்கம்மா" என்றார்கள்.

தனலட்சுமி கேட்டார். "மனுவுல என் நம்பர்தானே சார் எழுதியிருந்தேன்?"

"எழுதியிருந்தீங்க. ஆனா ஒரு லேடிக்கு நாங்க எப்படிம்மா போன் பண்றது? மரியாதையா இருக்காதேன்னு விசாரிச்சு சார் நம்பரை வாங்கினோம்."

மறுபடியும் மரியாதை. மரியாதை காரணமாகப் பொன்னாடை போர்த்துவதில்லை. மரியாதை காரணமாக போன் செய்வதில்லை. மரியாதை காரணமாக நாற்காலி கொடுப்பதில்லை. இந்த நாட்டில் பெண்களை யாருமே அவமதிப்பதில்லை, ஐயா. மரியாதை கொடுத்தே வெளியில் நிறுத்திவிடுகிறோம்.

"டைமை மாத்தணும்னா டிரைவர் டியூட்டி எல்லாம் மாத்தணும்மா. லேசுல முடியாது."

"மாத்துங்க. நாங்க உக்காந்திருக்கோம்."

வராந்தாவில் பதினெட்டுப் பெண்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். யாரோ வேர்க்கடலை வாங்கி வந்தார்கள். மேலாளர் மூன்று போன் பேசினார். லேசில் முடியாத வேலை, வேர்க்கடலை தீர்வதற்குள் முடிந்துவிட்டது. திங்கள் முதல் ஏழே முக்கால்.

முருகேசன் வாசலில் நின்று பொன்னாடைகளை மடித்துக்கொண்டிருந்தார். அவர் மடிப்பது சரியில்லை என்று ஓர் அம்மாள் வாங்கி மடித்தார்.

ஸ்ரீரங்கம் திரும்பி பக்கத்து வீட்டு ராகவாச்சாரியிடம் இதைச் சொன்னேன். அவர் அப்போதுதான் கோயிலிலிருந்து வந்திருந்தார். முழுக்கக் கேட்டுவிட்டு, "அகத்துக்காரர்தான் இருக்காரே ஸ்வாமி, ஸ்த்ரீகளுக்கு எதுக்கு இந்த அலைச்சல்?" என்றார்.

"இன்னைக்கு முதல்ல எங்கே சேவிச்சேள்?" என்று கேட்டேன்.

"தாயார் சன்னிதியில. அவகிட்ட விண்ணப்பம் பண்ணிண்டு அப்புறம்தானே பெருமாள்? அதுதானே க்ரமம்?"

க்ரமம்தான். பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் மட்டும் அது தலைகீழாகிவிடுகிறது. அவருக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க என் பிரஷர் இடம் கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை காலை துரைராஜ் போன் செய்தார். பஸ் சரியாக வந்ததாம். ஏழு பிள்ளைகளும் ஏறிவிட்டார்களாம். இன்னொன்றும் சொன்னார். எட்டரை மணிக்கு டெப்போவிலிருந்து தனலட்சுமியின் நம்பருக்கே அழைப்பு வந்ததாம். பஸ் நேரத்துக்கு வந்ததா என்று விசாரிக்க. பெரிய முன்னேற்றம் அல்லவா?

மேலாளர் கேட்டாராம்: "அம்மா, தலைவர் பக்கத்துல இருந்தா அவர்கிட்ட போனைக் குடுங்களேன்."

"தலைவர்தாங்க பேசுறேன். சொல்லுங்க."

மறுமுனையில் வெகுநேரம் சத்தமே இல்லையாம். டவர் பிரச்சினையாக இருக்கும்.