மாமன் எலும்பும் என் எச்சிலும்

செத்துப்போன என் மாமனைப் பற்றித் தெரிந்து உங்களுக்கு என்ன ஆகப்போகிறது? வீட்டில் உலை வைத்தாயிற்றா? இல்லையென்றால் முதலில் அதைப் பாருங்கள். வைத்தாயிற்றென்றால், சரி, உட்கார்ந்து தொலையுங்கள்.

மாமன் என் அம்மாவுக்கு அண்ணன். வெள்ளைக்காரன் காலத்தில், குஜிலியம்பாறைப் பக்கம் மழை பொய்த்த ஒரு வருஷம், கப்பலில் கரி அள்ளிப் போடப் போனார். எங்கோ தூரதேசத்துக் கரையருகே அந்தக் கப்பல் முழுகிவிட்டது. ஒதுங்கிய உடல்களைப் பெயர் தெரியாமலே புதைத்துவிட்டார்கள். ஊரோ, "மாத்தாந்தாய் சோறு போடல, அதான் கடலுக்குப் போனான்" என்று பேசியது. மாற்றாந்தாய் என்றது என் அம்மாவைப் பெற்றவளை. "அவரு என் கூடப்பிறந்த அண்ணன்டி" என்று சொல்லிச் சொல்லியே அம்மா செத்தாள்.

போன வருஷம் ஆய்வகத்திலிருந்து ஒரு பெண், திண்டுக்கல்லில் என் வீட்டைத் தேடி வந்தாள். அந்தக் குழிகளைத் தோண்டி, எலும்பை வைத்து யார் யாரென்று பார்க்கிறார்களாம். கப்பல் பட்டியலில் மாமன் பெயரும் ஊரும் இருந்ததாம். அவருக்குப் பிள்ளைகுட்டி இல்லை. மிஞ்சியது நான்தான். என் எச்சில் வேண்டுமாம்.

"பாட்டி, இது அம்மா வழியா மட்டும் இறங்குற டிஎன்ஏ. உங்க அம்மாவும் மாமாவும் ஒரே வயித்துப் பிள்ளைங்களா?"

"இல்லத்தா. எங்க தாத்தனுக்கு ரெண்டு தாரம். மாமன் மூத்தவ மகன். அவ செத்த பெறகு வந்தவ பெத்ததுதான் எங்கம்மா."

அவள் பையை மூடினாள். "அப்ப உங்க சாம்பிள் ஒத்துவராது பாட்டி."

வந்ததே எனக்கு ஆத்திரம்! ஊர் சொன்னதையே இவளும் படித்துவிட்டு வந்து சொல்கிறாள்.

"ஏத்தா, வந்து செத்த நேரம் ஆகல, அதுக்குள்ள மூட்டை கட்டுற. எளையதாரம் யாருன்னு கேட்டியா?"

"யாரு?"

"மூத்தவ கூடப்பிறந்த தங்கச்சி. கைப்பிள்ளைய வேத்தாளு வளக்கக் கூடாதுன்னு அவளையே கட்டிவச்சாங்க."

அவள் விரல்விட்டு எண்ணினாள். "அப்ப, அந்த ரெண்டு பேரையும் பெத்தவங்க ஒருத்தரா?"

"பின்ன, ஒருத்திய வாடகைக்கா எடுத்துட்டு வந்தாங்க?"

பை மறுபடி திறந்தது. "அப்ப ஒரே வழிதான் பாட்டி! வாயத் தொறங்க."

குச்சியில் சுற்றிய பஞ்சால் கன்னத்தின் உள்பக்கத்தைத் தேய்த்தாள். "அப்படியே இருக்குற நாலு பல்லையும் எண்ணிக்க" என்றேன். பேசக் கூடாதாம். என் புருஷனால் கடைசிவரை முடியாத காரியத்தை ஒரு பஞ்சை வைத்துச் சாதித்தாள்.

அப்புறம் மாதக்கணக்கில் ஒரு தகவலும் இல்லை. போன் போட்டால், "வரும் பாட்டி." தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க வருகிறவர்களோ, "என்ன, மாமன் வந்துட்டாரா?" என்று தினமும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன வாரம் அவளே கூப்பிட்டாள். "ஒத்துப்போச்சு பாட்டி. உங்க அம்மா வழியில அந்தக் கப்பல்ல வேற ஆளே இல்ல. அவரு குழி மேல கல்லு வச்சு, அதுல பேர வெட்டப் போறாங்க."

"அம்மா வழி ஒன்னுதான?" என்று மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் ஆமாம் என்றாள். அம்மா இருந்திருந்தால் நாலாவது தடவையும் கேட்டிருப்பாள்.

நேரே வாசலுக்குப் போனேன். குடத்தோடு நின்றவர்களிடம் சொன்னேன்:

"எங்க மாமன் செத்துப்போயிட்டாரு. எங்கம்மா கூடப்பிறந்த அண்ணன். வெள்ளிக்கிழமை காரியம், எல்லாரும் வந்துருங்க. இம்புட்டு வருசம் கழிச்சு அழுகை வரலேன்னா சொல்லுங்க, உரிக்கச் சின்ன வெங்காயம் தாரேன்."