தறிச் சத்தத்தை மீறிக் கேட்ட ரேடியோ

எட்டாம் வகுப்பு முடிந்த கோடையில் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். அக்காவைக் கட்டிக்கொடுத்து ஆரணிக்கு அனுப்பியாகிவிட்டது. அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனாவின் தறியில் அவள் உட்கார்ந்திருந்த இடம் காலி. எங்கள் ஊர்ப் பட்டுச்சேலையில் உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் சேர்த்து நெய்ய ஓர் ஆள் போதாது. நைனா குழிக்குள் கால் விட்டு உட்கார்ந்து, மிதியை மிதித்து, உடம்புக்கான நூல் வைத்த நாடாவைக் குறுக்கே எறிவார். பலகையை இழுத்து, ஊடை என்கிற அந்தக் குறுக்கு இழையை அடித்து இறுக்குவதும் அவர்தான். பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரைக்கான நாடாவை எறிய வேண்டும். அதற்குக் கோர்வை போடுவது என்று பெயர். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருப் பெண்களில் பாதிப் பேர் அப்படித்தான் உட்கார்ந்தார்கள். அதை யாரும் அநியாயம் என்று சொன்னதில்லை. நான் சொன்னேன். சொல்லி என்ன, போய் உட்கார்ந்தேன்.

ஆனால் நைனாவோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். எனக்குக் கோபம் ஏறுவதுபோல் இறங்காது. "ம்", "இரு", "அறுந்துபோச்சி" என்ற மூன்று சொற்களை வைத்துக்கொண்டே மூன்று மாதம் ஓட்டினேன். ஊடைக்கு நூல் சுற்றிக்கொண்டு எதிர்ச்சுவர் ஓரம் உட்கார்ந்திருக்கும் அம்மா, இந்தத் தறிக்கு வாய் கட்டிப்போச்சு என்று கேலி செய்வாள். நைனா சிரிக்கவும் மாட்டார், கோபிக்கவும் மாட்டார். அதுவே எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அமாவாசைக்குத் தறி ஓடாது. அப்படி ஓர் அமாவாசையன்று காலையில் நைனா சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, ரேடியோ வாங்கப் போவதாகவும், எது நல்லது என்று நான்தான் வந்து சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். லஞ்சம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. முகத்தை எட்டு முழத்துக்கு நீட்டிக்கொண்டுதான் கிளம்பினேன். ஆனால் கிளம்பிவிட்டேன். ஒரு பொருளைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம் என்றால் என் கோபம் கொஞ்ச நேரம் ஒதுங்கி நின்றுகொள்ளும். இன்றைக்கும் அப்படித்தான்.

காந்தி ரோட்டுப் பக்கம் இருந்த அந்தக் கடையில் அலமாரி முழுக்க ரேடியோக்கள். கடைக்காரர் முதலில் டிரான்சிஸ்டரை எடுத்து வைத்தார். பேட்டரி போட்டால் போதும், தோளில் மாட்டிக்கொண்டு கோயில் குளம் எங்கும் போகலாம் என்றார். நைனாவுக்கு அதெல்லாம் வேண்டாம். அவருக்கு இருந்தது ஒரே கேள்வி: தறி ஓடும்போது கேட்குமா? கடைக்காரர் பட்டு ஊரிலேயே கடை வைத்திருந்தாலும் அந்தக் கேள்வியை அதுவரை எதிர்கொண்டதில்லை போலிருக்கிறது, விழித்தார். நைனா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு உள்ளங்கையாலும் மேஜைமேல் தறியின் தாளத்தில் அடிக்க ஆரம்பித்தார். டடக் டக், டடக் டக். என்னைக் கடையின் கோடியில் போய் நிற்கச் சொன்னார். கடைக்காரர் ஒவ்வொரு பெட்டியாகத் திருகினார். வாசலில் சைக்கிளில் போனவர்கள் இறங்கி வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு மானம் போயிற்று. ஆனாலும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

டிரான்சிஸ்டர் முதல் அடியிலேயே காணாமல் போனது. அடுத்து ஒரு பெரிய பெட்டி, பச்சையாக ஒரு கண் வைத்தது. நிலையம் சரியாகப் பிடிபட்டால் அந்தக் கண் சுருங்கும். அழகோ அழகு. அதில் சத்தம் வண்டி வண்டியாக வந்தது. என்ன சொல்கிறார்கள் என்றுதான் தெரியவில்லை. கடைக்காரர் அதையே வாங்கச் சொன்னார், பாட்டு எடுத்துக் கொடுக்கும் என்றார். மூன்றாவது பெட்டிக்குக் கண்ணும் இல்லை, பளபளப்பும் இல்லை, சாதாரண மரப்பெட்டி. அதில் யாரோ மழை நிலவரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். மேஜை அதிர அதிர ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்து சேர்ந்தது.

"இது எடு, நைனா. இதுல தான் வார்த்த தெரியிது. எனுக்கு வார்த்த வேணும்" என்றேன்.

மூன்று மாதத்தில் நான் அவரிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அது. நைனா அடிப்பதை நிறுத்திவிட்டு, கை சிவந்ததைத் தேய்த்துக்கொண்டே, அதையே கட்டச் சொன்னார்.

அதன் பிறகு வேலை நிறைய இருந்தது. தபால் ஆபீசில் போய் ரேடியோவுக்கு லைசென்ஸ் எடுத்தோம். அதற்கென்று ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தார்கள். மாடியில் இரண்டு மூங்கில் நட்டு, நடுவில் செம்புக் கம்பி கட்டி ஏரியல் போட்டோம். செம்பே நிலையத்தை இப்படி இழுக்கிறதென்றால் வெள்ளி இன்னும் நன்றாக இழுக்குமே, ஜரிகையில்தான் வெள்ளி இருக்கிறதே என்று எனக்கு ஒரு யோசனை. நைனாவிடம் சொன்னேன். அவர் வைவார் என்று பார்த்தால், அதே சந்தேகம் தனக்கும் வந்ததாகச் சொன்னார். அறுந்து ஒதுக்கிய ஜரிகைத் துண்டுகளை முடிச்சுப் போட்டு நீளமாக்கி மூங்கிலில் கட்டினோம். கொர்ரென்று ஒரு இரைச்சல், வேறொன்றும் இல்லை. துணி உலர்த்த மேலே வந்த அம்மா அதைப் பார்த்துவிட்டாள். அவள் எங்கள் இருவரையும் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

பெட்டிக்குப் பின்னால் தனி ஸ்பீக்கர் செருக ஓட்டை இருந்தது. கூடத்தில் பெட்டி, தறி அறையில் இரண்டு ஸ்பீக்கர்: ஒன்று என் தலைக்கு மேல், இன்னொன்று எதிர்ச்சுவரில் அம்மாவின் ராட்டைக்கு மேல். இரண்டிலும் ஒரே குரல்தான் வரும். ஆனால் நான் உட்காருமிடத்திலிருந்து கொஞ்சம் முன்னால் சாய்ந்தால் அந்தக் குரல் இரண்டு சுவரையும் விட்டுவிட்டு, தறியில் நீளவாக்கில் கட்டிய பாவுக்கு நேர் மேலே, வெறும் காற்றில் வந்து நிற்கும். பின்னால் சாய்ந்தால் என் தலைக்குத் திரும்பிவிடும். ஆள் இல்லாத இடத்தில் ஆள் நிற்பது எப்படி என்று எனக்குப் பிடிபடவே இல்லை. சாய்ந்து சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தறியில் ஏதோ பூச்சி ஏறிவிட்டது என்று நினைத்து நைனா குனிந்து தேடினார்.

பெட்டியைத் திருகியதும் பேசாது. உள்ளே இருக்கும் வால்வு சூடேற வேண்டும். அதற்குள் அம்மா ஒரு கண்டு நூல் சுற்றிவிடுவாள். அம்மாவுக்கு சினிமாப் பாட்டு, அதுவும் கடல் தாண்டி இலங்கையிலிருந்து வருவது, நைனாவுக்குச் செய்தி. எனக்கு என்ன என்பதை நானே தற்செயலாகக் கண்டுபிடித்தேன். ஒருநாள் மத்தியானம், சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்த நேரம், ஒரு பெண் குரல் மாணவர்களே என்று கூப்பிட்டது. பள்ளிக்கூடங்களுக்கான ஒலிபரப்பாம். ஒருநாள் விஞ்ஞானம், ஒருநாள் பூகோளம், ஒருநாள் இங்கிலீஷ். புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கவனியுங்கள் என்றாள் அந்த அம்மாள். என்னிடம் மூடி வைக்கவும் புத்தகம் இல்லை. கையில் நாடா இருந்தது. அன்றிலிருந்து அந்த அரை மணி நேரத்துக்காகவே நான் காலையில் எழுந்தேன். இதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சந்தோஷத்தைக் காட்டினால் நைனாவை மன்னித்துவிட்டதாக ஆகிவிடும். அதனால் முகத்தை மட்டும் கட்டைபோல் வைத்துக்கொண்டேன்.

ரேடியோ வந்த பின் நெய்த இரண்டாவது சேலையிலேயே வம்பு வந்தது. எங்களுக்குப் பாவும் ஜரிகையும் கொடுக்கும் முதலாளி, நெய்து கொண்டுபோன அரக்குச் சேலையை வாசல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தார். நானும் கூடப் போயிருந்தேன். உடம்பில் அங்கங்கே விரல்கடை அகலத்துக்கு நிறம் வெளிறி ஒரு பட்டை. ஊடை சரியாக நெருங்காமல் நெகிழ்ந்தால் அப்படித்தான் தெரியும். நைனாவின் துணியில் பட்டை விழுந்தது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் நெய்த சேலையை முதலாளி பிரிக்காமலே வாங்கி அடுக்குவார்.

"ரேடியோ வச்சிக்கினு பாட்டு கேட்டுக்கினே நெய்யிறியாமே. இன்னொரு சேலை இப்டி வந்துச்சினா பொட்டிய கடையில குடுத்துட்டு வா, அப்பால தான் பாவு" என்றார் முதலாளி.

நைனா மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. சரி என்று தலையாட்டினார். பெட்டி போனால் அந்த அரை மணி நேரமும் போகும். இரண்டாம் தடவை பள்ளியை விட்டு நிறுத்துவதுதான் அது, இந்தத் தடவை எதிர்த்துச் சண்டை போடவும் முடியாது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவே பாட்டை நிறுத்திவிட்டாள். வேலை நேரத்தில் செய்தி மட்டும், அப்புறம், யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே, என் பாடமும் ஓடியது. பாட்டின் வேகத்துக்குக் கால் போய்விட்டது, அதனால்தான் பட்டை என்று எல்லோரும் முடிவு கட்டியாயிற்று. எனக்கு மட்டும் அரித்துக்கொண்டே இருந்தது. வேகமான பாட்டு என்றால் துணி முழுக்க அல்லவா கோளாறு வர வேண்டும்? ஏன் அங்கங்கே? பார்த்துவிடுவது என்று ஒரு வேலை செய்தேன். அடுத்த சேலை தொடங்கியதும் கரை ஓரத்தில், என் பக்கம், சின்னச் சின்ன நூல் துண்டுகளை முடிச்சுப் போட்டு வைக்க ஆரம்பித்தேன். ரேடியோ ஓடாதபோது வெள்ளை, செய்தி தொடங்கினால் மஞ்சள், பாடம் தொடங்கினால் நீலம். அளவுக்காக அப்படி முடிச்சுப் போடுவது வழக்கம்தான், ஆகவே நைனா அதைக் கண்டுகொள்ளவில்லை.

நான்காம் நாள் நைனா குளிக்கப் போயிருந்தபோது, சுற்றிய துணியைக் கட்டையிலிருந்து கொஞ்சம் இளக்கிப் பார்த்தேன். வெள்ளைக்கு எதிரே துணி கண்ணாடி மாதிரி இருந்தது. மஞ்சளுக்கு எதிரேயும் ஒரு குறை இல்லை. நீலம் இருந்த இடத்திலெல்லாம் பட்டை விழுந்திருந்தது.

நான்தான் குற்றவாளி என்று முதலில் நினைத்தேன். பாடத்தில் மனம் போய் நாடாவைத் தாமதமாக எறிந்திருப்பேன். ஆனால் என் தப்பாக இருந்தால் கரையும் உடம்பும் சேருகிற இடத்தில் பல் பல்லாகத் தெரியும். அங்கே துளி பிசகு இல்லை. தீக்குச்சியை வைத்து அந்த நீளத்துக்குள் எத்தனை இழை என்று ஊசி முனையால் எண்ணினேன். நீலத்தில் இரண்டு மூன்று இழை குறைந்தது, அதுவும் சேலையின் அகலம் முழுக்க. அப்படியானால் பலகை லேசாக விழுந்திருக்கிறது, பலகையோ நைனாவின் கையில். சாப்பிட்ட மயக்கம், மனிதர் தூங்கி வழிகிறார் என்று எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

மறுநாள் அந்த அம்மாள் மாணவர்களே என்றதும் நான் பாடத்தைக் கேட்காமல் நைனாவைப் பார்த்தேன். தூங்கவில்லை. கண் நன்றாக விழித்திருந்தது. பலகையை வழக்கம்போல் வீசி இழுக்காமல், பிடித்து நிறுத்தி, பிள்ளை தூங்குகிற அறைக் கதவைச் சாத்துவதுபோல் மெள்ளக் கொண்டுவந்து வைத்தார். ஒவ்வொரு இழைக்கும் அப்படியே. இத்தனை நாளும் அந்தப் பாடம் மட்டும் எனக்கு அவ்வளவு தெளிவாக எப்படிக் கேட்டது என்று நான் யோசித்ததே இல்லை. பாடம் முடிந்து, நன்றி வணக்கம் சொன்ன அடுத்த இழைக்குப் பலகை பழையபடி ஓங்கி விழுந்தது.

"ஏன் நைனா பலகைய மெதுவா போடுற?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. பாவில் கண்ணை வைத்துக்கொண்டே, "ஓங்கி அடிச்சா உனுக்கு பாடம் கேக்காதேம்மா" என்றார்.

"பட்டை வுழுது. உனுக்கு தெரில?"

"தெரியும்" என்றார்.

முதலாளியின் வாசலில் அவர் வாய் திறக்காமல் நின்றது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுகையிலும் கோபமாகத்தான் அழுதேன். உன் பேரைக் கெடுத்துக்கொண்டு எனக்கு ஒரு பாடமும் வேண்டாம், ஓங்கி அடி, கேட்காவிட்டால் போகட்டும் என்று கத்தினேன். அம்மா ராட்டையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

அதற்குள் விழுந்த பட்டைகள் சேலையின் தொடக்கத்தில், இடுப்பில் செருகுகிற பாகத்தில் இருந்தன. முதலாளி பின்னால் அதைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார், மற்றபடி துணி சுத்தம் என்பதால் பாவு கொடுத்தார். பெட்டி வீட்டிலேயே இருந்தது.

ஆனால் அது நடந்தது பிறகு. நான் கத்திய மறுநாள் மத்தியானம், பாடம் தொடங்கியதும், நைனா மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டார். பலகைமேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தார். நைனா குழியில் உட்கார்ந்திருக்க, நூல் எதுவும் அறாமல், எங்கள் தறி நின்று நான் பார்த்தது அன்றுதான். இரும்புக் கப்பல் தண்ணீரில் ஏன் மூழ்குவதில்லை என்று அந்த அம்மாள் விளக்கினாள். முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை ஒன்றுகூடத் தவறாமல் எனக்குக் கேட்டது. நைனாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். எவ்வளவு விளங்கியதோ, நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருந்தார்.

பாடம் முடிந்தது. நைனா மிதியில் காலை வைத்தார்.

"இப்ப சொல்லு, கப்பல் ஏம்மா முழுகல?" என்றார்.

கேட்டுவிட்டு அவர் பலகையை ஓங்கி இழுத்து அடித்தார். அந்தச் சத்தத்துக்கு மேல் எழும்பும்படி நான் தொண்டை கிழியக் கத்திச் சொல்ல ஆரம்பித்தேன்.