அரசாங்க அப்புக்காத்துக்காக என் மனைவி செய்த ஜெபம்

என் மூத்த மகன் யோசேப்பைக் கொலைகாரன் என்று சொல்லிப் பொலிசார் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனது ஒரு மாரிகாலத்து மழைநாளில். இந்த நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்து இருபது வருடங்கள் ஆகியிருந்த காலம். இதைப் படிக்கும் விசுவாசிகளே, அன்று நான் அழவில்லை. அடுத்த நாளும் அழவில்லை. மாதக்கணக்காக எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அப்படிப்பட்டவனின் வீட்டுக்கும் ஆண்டவர் வந்தார் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கிளிவெட்டியிலிருந்து மாற்றுச் சட்டை இல்லாமல் திருகோணமலைக்கு வந்தவன். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. துறைமுகத்தில் மூட்டை சுமந்தேன். பிறகு சுமக்கிறவர்களுக்குத் தலைவனானேன். பிறகு கப்பலில் சாமான் இறக்கும் கொந்தராத்தே, அந்த ஒப்பந்த வேலை முழுவதுமே, என் கைக்கு வந்தது. கோதுமை மாக் கப்பல் வந்தால் பெரிய உத்தியோகத்தர்களும் முதலில் “முதலாளி எங்கே?” என்றுதான் கேட்பார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். என்னால் முடியாத காரியம் என்று ஒன்று இந்த ஊரில் இருந்ததில்லை.

யோசேப்பு வின்ச் ஓட்டுகிறவன். கப்பலின் அடித்தட்டிலிருந்து சுமையைத் தூக்கும் இயந்திரம் அது. அன்று தூக்கிய மா மூட்டைகள் பாதி வழியில் அப்படியே கீழே விழுந்துவிட்டன. கீழே நின்ற நடராசா என்ற தொழிலாளி அந்த இடத்திலேயே இறந்துபோனான். கைக்குழந்தைக்குத் தகப்பன்.

“பிறேக் பிடிக்கேல்லை அப்பா. அவன் அங்க நிண்டதே எனக்குத் தெரியாது” என்று மகன் சொன்னான். ஆனால் முதல் நாள் மாலை கள்ளுக்கடையில் இருவருக்கும் வாய்ச்சண்டை நடந்திருந்தது. “நாளைக்குக் கப்பலுக்கு வா, உனக்குக் காட்டுறன்” என்று இவன் கத்தியதைக் கடை நிறைய ஆட்கள் கேட்டிருந்தார்கள். போதாததற்குக் கப்பலை ஒட்டிய ஜெட்டி மேடையில் நின்ற ஒருவன், யோசேப்பு கீழே நடராசாவைப் பார்த்துவிட்டுத்தான் சுமையை விட்டதாகவும் அதைத் தன் கண்ணால் கண்டதாகவும் வாக்குமூலம் கொடுத்துவிட்டான்.

மகனுக்காக வழக்காடக் கொழும்பிலிருந்து பெயர்போன ஓர் அப்புக்காத்தைப் பிடித்தேன். அவர் வழக்குக் காகிதக் கட்டை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “முதலாளி, சின்னக் குற்றத்தை ஒப்புக்கொண்டு கொஞ்ச வருசம் மறியலில கிடக்கிறது நல்லம். கொலை எண்டு தீர்ந்தால் தூக்கு” என்றார்.

அந்தச் சொல்லோடு எனக்குள் எல்லாம் மரத்துப்போனது. சோறு மண்போல இருந்தது. கொதித்த தேநீர் கையில் கொட்டியதைக் கொப்புளம் வந்த பிறகுதான் கண்டேன். கோயிலில் போதகர், “அழுது ஜெபியுங்கோ” என்றார். எதை வைத்து அழுவது? வாய் மட்டும் ஒரே ஜெபத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னது: ‘ஆண்டவரே, எங்களுக்கு எதிராக வாதாட வரும் அரசாங்க அப்புக்காத்தின் வாயைக் கட்டும்.’

என் மனைவி ஞானம்மா பக்கத்தில் முழங்காலில் நின்று முணுமுணுத்தது ஒருநாள் காதில் விழுந்தது. “அந்த அப்புக்காத்தருக்கு நல்ல சுகத்தைக் குடும் ஆண்டவரே. தெளிஞ்ச கண்ணைக் குடும்.”

“நீ ஆருக்கு ஜெபிக்கிறாய்? அந்தாள் எங்கட பிள்ளையைத் தூக்கில போட வாறவர்!”

“நீங்கள் வாயைக் கட்டச் சொல்லுறீங்கள். வாயைக் கட்டினால் அந்த மனிசன் என்னெண்டு உண்மையைச் சொல்லுறது?”

“உனக்குக் கோடு, வழக்கு எண்டு என்ன தெரியும்?”

“உங்களுக்குத் தெரிஞ்சது மூண்டாம் வகுப்புத்தானே. பேசாமல் முழங்காலில நில்லுங்கோ.”

வழக்கை விசாரிக்கும் பெரிய கோடு கூடுவதற்குச் சில நாள் முன்னதாக அரசாங்க அப்புக்காத்து வந்து விடுதியில் தங்கினார். எந்த அதிகாரியிடமும் நான் வெறுங்கையோடு போனவன் அல்ல. அது லஞ்சமில்லை, எங்கள் பக்கத்து மரியாதை. கரைக்கு வந்ததில் பெரிய அறக்குளா மீனைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போனேன்.

விடுதிச் சமையற்காரன் மீனைப் பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டினான். “சாமான் நல்லது முதலாளி. ஆனால் ஆள் பொல்லாதவர். போன முறை மாம்பழம் கொண்டுவந்த ஒருத்தர் ஓடின ஓட்டத்தில செருப்பையும் விட்டிட்டுப் போனவர்.”

வெளியே வந்தவர் என் மகனைவிடச் சற்றே மூத்தவர், மெலிந்த மனிதர். “ஆர் நீங்கள்?” என்று கேட்டார்.

“யோசேப்பின்ர தகப்பன், ஐயா.”

அவர் முகம் மாறிவிட்டது. “நான் உங்களோட கதைக்கக் கூடாது. இதை இப்பவே எடுத்துக்கொண்டு போங்கோ. இன்னொரு சொல் சொன்னால் நீதிபதி காதில போடவேண்டி வரும்.” கதவு சாத்தப்பட்டது.

என் பிள்ளையின் கழுத்தில் நானே கயிற்றைப் போட்டுவிட்டேன் என்று நினைத்தேன். நினைத்தும் நெஞ்சு அசையவில்லை. வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். ஞானம்மா ஏசவில்லை.

“இனி என்ன செய்யிறது?” என்றேன். என் ஆயுளில் நான் யாரிடமும் கேட்காத கேள்வி.

“இனித்தான் ஜெபம்” என்றாள்.

அவள் பக்கத்தில் முழங்காலிட்டேன். சொல் வரவில்லை. இறக்கிவைத்த மூட்டை மாதிரி இருந்தேன். நான் செய்த ஜெபம் அவ்வளவுதான்.

மறுநாள் ஜெட்டியிலிருந்து என் ஆட்கள் செய்தி கொண்டுவந்தார்கள். அதே மாதிரியான கப்பல் ஒன்று சாமான் இறக்கிக்கொண்டிருந்ததாம். அரசாங்க அப்புக்காத்து பொலிஸ் இன்ஸ்பெக்டரோடு போய் ஏணியில் ஏறியிருக்கிறார். வின்ச்காரனை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் தானே இருந்து பார்த்தாராம். அடித்தட்டில் ஓர் ஆளை நிறுத்தச் சொல்லிவிட்டு மறுபடியும் பார்த்தாராம். பிறகு ஜெட்டியில் இறங்கி நின்று மேலே பார்த்தாராம். வெள்ளைக் காற்சட்டை முழுக்கக் கிறீஸ் கறை. எனக்கு நம்பிக்கை வரவில்லை. முடிச்சை இன்னும் இறுக்குகிறார் என்றுதான் நினைத்தேன்.

வழக்கு நாள் வந்தது. எதிர்ப்பக்கத்தில் அவர் எழுந்து ஆங்கிலத்தில் பேசினார். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் கப்பற்காரரோடு பேசும் நாலு சொல். மொழிபெயர்க்கும் கோட்டு முதலியார் தமிழில் எடுத்துச் சொன்னார்: “வின்ச் இருக்கும் இடத்தில் நானே இருந்து பார்த்தேன். அங்கிருந்து கப்பலின் அடித்தட்டு தெரியாது. விளிம்பில் நின்று சைகை காட்டுபவரின் கை மட்டும் தெரியும். ஜெட்டியில் நிற்பவருக்கு வின்ச்காரரின் முகமும் தெரியாது. இந்தச் சாட்சியை நம்புங்கள் என்று தீர்ப்புச் சொல்லும் யூரிமாரிடம் என்னால் கேட்க முடியாது. அரசாங்கம் இந்த வழக்கைக் கைவிடுகிறது.”

நீதிபதி மகனைப் போகலாம் என்றார். ஞானம்மா தரையில் இருந்து அழுதாள். யோசேப்பு கைதி நிற்கும் கூட்டுக்குள்ளேயே முகத்தைப் பொத்திக்கொண்டான். நான் மேலே சுற்றும் விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். யாருடைய வாயைக் கட்டும்படி கேட்டேனோ, அந்த வாயைத் திறந்துதான் ஆண்டவர் என் பிள்ளையை விடுவித்தார். அது புத்திக்குத் தெரிந்தது. நெஞ்சு இன்னும் கட்டையாகவே இருந்தது.

கோட்டு விறாந்தையில் அரசாங்க அப்புக்காத்தை மறித்துக் கும்பிட்டேன். “ஐயா, என்ர பிள்ளைக்காகக் கதைச்சீங்கள்.”

“இல்லை ஐயா” என்றார். “நான் செத்தவனுக்காக வந்தனான். பொய்யை வச்சு அவனுக்கு நியாயம் வாங்கேலாது.” அடுத்த வழக்குக்கு நேரமாகிவிட்டது என்று உள்ளே போய்விட்டார்.

செத்தவனுக்காக. அத்தனை மாதமும் என் ஜெபத்தில் ஒருமுறைகூட வராத பெயர் அது. வீட்டில் ஊரே கூடியிருந்தது. நானும் ஞானம்மாவும் அங்கே போகாமல் நேரே நடராசாவின் குடிசைக்குப் போனோம். அவன் மனைவி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். உள்ளே வரச் சொல்லவில்லை.

“உங்கட பிள்ளை வந்திட்டார்” என்றாள். “என்ர மனிசன்?”

அந்த வாசலில்தான் கண்ணீர் வந்தது. வந்தது நிற்கவில்லை. ஞானம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண் எங்களை விலக்கவுமில்லை, தேற்றவுமில்லை. கடைசியில் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள்.

அன்று முதல் அந்த வீடு எங்கள் பொறுப்பு. அந்தப் பிள்ளை இன்று படித்து உத்தியோகம் பார்க்கிறான். நான் சாமான் இறக்கிய கப்பல்களையும் கட்டிய வீட்டையும் பற்றி யாரிடமும் சொல்லுவேன். இதில் மட்டும் மார்தட்ட எனக்கு ஏலாது. இது எனக்குக் காட்டித் தரப்பட்ட வேலை.

அன்பானவர்களே, உங்களுக்கு எதிரே ஒருவர் நிற்கிறாரா? அவருடைய பெயரைச் சொல்லி அவருக்கு நன்மையைக் கேளுங்கள். உங்களால் நொந்தவர்கள் இருந்தால் அவர்கள் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். அழுகை வரவில்லை, நெஞ்சு கட்டையாய்க் கிடக்கிறது என்று எழுந்து போய்விடாதீர்கள். அப்படியே முழங்காலிடுங்கள். ஒரு சொல்லும் இல்லாமல் நான் கிடந்த இரவுக்கு அடுத்த காலையில்தான், ஆண்டவர் அந்த மனிதரை ஏணியில் ஏற்றினார்.